அறுபது நாள் கணக்கு

கேள்வி: எனக்கு 33 வயது. மென்பொருள் துறையில் பத்து ஆண்டு அனுபவம். லண்டனில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 56,000 பவுண்டு சம்பளத்தில் வேலை தந்திருக்கிறது. மூன்று ஆண்டு விசா, முதல் ஆறு மாதம் புரொபேஷன். கணவருக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. மகளுக்கு நான்கு வயது. விசா வேலைகளைச் செய்து தரும் முகவர், “விதிகள் இறுகிக்கொண்டே போகின்றன, மூவரும் சேர்ந்தே போய்விடுங்கள், ஐந்து ஆண்டில் அங்கேயே நிரந்தரமாகிவிடலாம்” என்கிறார். மாமியாரோ, “நீ முதலில் போய்ப் பார், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். இந்தச் சம்பளம் போதுமா? சேர்ந்து போவதா, நான் மட்டும் முதலில் போவதா? “நான் தூங்கும்போது அங்கே நீ என்ன செய்வாய் அம்மா?” என்று மகள் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். புரொபேஷன் முடிந்து, வேலை உறுதி என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு கணவரும் மகளும் வரட்டும்.

நான்கு வயதுக் குழந்தையை ஆறேழு மாதம் பிரிந்திருங்கள் என்று ஒரு தாய்க்கு எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. இந்த வரிகளை இரண்டு முறை எழுதி அழித்துவிட்டுத்தான் மூன்றாம் முறை எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். படித்த பிறகு வேறு முடிவு எடுத்தாலும் அது விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

பதினோரு ஆண்டுகள் லண்டனில் மனிதவளத் துறையில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களை அழைத்து வந்து நிலைபெறச் செய்வதுதான் என் பணி. அங்கே ஒரு பொறியாளர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒன்றாக வந்து இறங்கினார். வந்த வாரமே ஓராண்டு ஒப்பந்தத்தில் வீடு எடுத்தார். நான்காவது மாதம் அவர் வேலை செய்த திட்டத்தையே நிர்வாகம் கைவிட்டது. குழு முழுவதும் வெளியே. அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வார நோட்டீஸ் கடிதத்தை அவர் கையில் கொடுத்தது நான். அதைப் படித்துவிட்டு, “பிள்ளைகளின் பள்ளியில் என்ன சொல்வது?” என்று மட்டும்தான் கேட்டார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வீட்டு ஒப்பந்தம் அவரைத் துரத்தியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிற்பகல் என் நினைவில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத கேள்வி அதுதான். இந்த வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

உங்களுக்குக் கிடைக்கப்போவது ஸ்கில்டு வொர்க்கர் விசா. கடவுச்சீட்டு உங்களுடையது என்றாலும் விசாவின் பிடி உங்களை அழைக்கும் நிறுவனத்திடம் இருக்கிறது. வேலை முடிவுக்கு வந்தால் நிறுவனம் பத்து வேலை நாட்களுக்குள் பிரிட்டிஷ் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். உள்துறை உங்கள் விசா காலத்தைச் சுருக்கிக் கடிதம் அனுப்பும். பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் விசா ஆதரவு தரும் உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம் உங்களை எடுத்துக்கொண்டு, நீங்கள் புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். புது நிறுவனம் கிடைத்தாலும், விண்ணப்பம் ஏற்கப்படும் வரை அங்கே வேலையைத் தொடங்க முடியாது. அதாவது வருமானம் இல்லாமல் வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கும். கணவர், குழந்தை இருவரின் விசாவும் உங்கள் விசாவைப் பற்றிக்கொண்டு நிற்பவை. உங்களுடையது சுருங்கினால் அவர்களுடையதும் சுருங்கும்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானோருக்கு இந்த நாள் வருவதே இல்லை. ஆனால் புரொபேஷன் காலத்தில்தான் ஒருவரை அனுப்புவது நிறுவனத்துக்கு மிக எளிது. ஒரு மாதம் வேலை செய்து முடித்து, இரண்டு ஆண்டு நிறையாத ஊழியருக்குச் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச நோட்டீஸ் ஒரே ஒரு வாரம்தான். பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் புரொபேஷனுக்கு அந்த ஒரு வாரத்தை மட்டும்தான் எழுதுகின்றன. ஆகவே கையெழுத்திடும் முன் ஒரு மாத நோட்டீஸ் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. நான் நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தபோது அப்படிக் கேட்டவர்களை ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. பாதிப் பேருக்கு நிர்வாகத்திடம் பேசி வாங்கியும் கொடுத்திருக்கிறேன்.

இந்த அறுபது நாளை மனதில் வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வருவோம்.

56,000 பவுண்டில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீதம், அதையும் தாண்டிய பகுதிக்கு 40 சதவீதம். தேசியக் காப்பீடு என்ற பெயரில் 12,570க்கும் 50,270க்கும் இடைப்பட்ட தொகையில் 8 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்காகக் குறைந்தபட்ச அளவில் பிடித்தால், கைக்கு வருவது மாதம் ஏறக்குறைய 3,470 பவுண்டு. ஓய்வூதியப் பிடித்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விலகாதீர்கள். நீங்கள் விலகினால் நிறுவனம் போடும் பங்கும் நின்றுவிடும்.

இனி வாடகை. லண்டனில் தனியார் வீடுகளின் சராசரி வாடகை 2025இல் மாதம் 2,200 பவுண்டைத் தாண்டிவிட்டதாக பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கு சொல்கிறது. மூன்று பேர் வந்து அப்படி ஒரு வீட்டில் குடியேறினால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாடகைக்கே போய்விடும். அதற்கும் முன்னால் இன்னொரு தடை இருக்கிறது. வீட்டு முகவர்கள் பொதுவாக மாத வாடகையைப் போல் முப்பது மடங்கு ஆண்டு வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2,200 பவுண்டு வீட்டுக்கு 66,000 பவுண்டு வருமானம் வேண்டும். உங்கள் 56,000க்கு அவர்கள் கணக்கில் தேறுவது 1,866 பவுண்டு வீடு. நகரின் விளிம்பில் தேடினால் அந்த விலைக்குள் கிடைக்கும். ஆனால் வந்த முதல் வாரத்தில், ஊரும் தெரியாமல், அந்நாட்டு ஊதியச் சீட்டு ஒன்றும் கையில் இல்லாமல், குழந்தையை விடுதி அறையில் வைத்துக்கொண்டு தேடும்போது மனிதர்கள் தவறான வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பொறியாளரும் அப்படித்தான் போட்டார்.

தனியாகப் போனால் இதே சம்பளத்தின் முகமே வேறு. பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு மாதம் ஆயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, பயணம், தொலைபேசி, ஒரு குளிர்காலக் கோட்டு எல்லாம் சேர்த்து 700 பவுண்டு. மாதம் 1,700க்கு மேல் மிஞ்சும். ஆறு மாதத்தில் பத்தாயிரம் பவுண்டு. நான் உங்களை முதலில் தனியாகப் போகச் சொல்வதற்கு இந்தப் பத்தாயிரம்தான் பெரிய காரணம். அது கையில் இருந்தால் அந்த அறுபது நாள் என்றைக்கு வந்தாலும் சமாளிக்கலாம். குடும்பத்தோடு இறங்கினால் முதல் ஆண்டில் அந்தப் பணம் சேரவே சேராது.

விசாச் செலவும் இதே பக்கம்தான் சாய்கிறது. விண்ணப்பக் கட்டணம் தனி. அதோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 776 பவுண்டு. விசா காலம் முழுவதற்குமான தொகையை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். மூவருக்கு மூன்று ஆண்டு என்றால் 8,538 பவுண்டு. விசா கிடைத்த பிறகு நான்கே மாதத்தில் திரும்பி வந்தாலும் இந்தப் பணம் திரும்பாது. கணவரும் மகளும் பின்னர் விண்ணப்பித்தால் உங்கள் விசாவில் மீதமிருக்கும் காலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். உங்களுக்கான கட்டணத்தை நிறுவனம் ஏற்கிறதா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் ஏற்கின்றன. குடும்பத்துக்கும் சேர்த்து ஏற்பவை குறைவு.

நிறுவனம் ஏற்றாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டால் செலவுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். விசாக் கட்டணத்தையும் பயணச் செலவையும் அப்படிக் கேட்பது வழக்கம்தான். ஆனால் வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்காக நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் திறன் வரியை உங்களிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. விசாவுக்காக நிறுவனம் உங்களுக்குத் தரும் ஆதரவுச் சான்றுக்கான கட்டணத்தையும், 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் சான்றுகளுக்கு, ஊழியர் தலையில் கட்டக் கூடாது. “நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் திருப்பித் தர வேண்டியதில்லை” என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து வேலை இழந்தவர்களை இரண்டாம் முறை காயப்படுத்தியது இந்த ஒரு வரி இல்லாததுதான்.

உங்கள் முகவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. விதிகள் இறுகித்தான் வருகின்றன. பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவரும் வழி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டாக உயர்ந்தது. பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழுள்ள பெரும்பாலான வேலைகள் பட்டியலிலிருந்து விழுந்தன. உங்கள் வேலை பட்டப்படிப்புத் தரத்தில் இருப்பதால் கணவரும் குழந்தையும் சேர்ந்துகொள்ள வழி இருக்கிறது. ஆறு மாதத்தில் அது மூடிவிடுமோ என்ற உங்கள் அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனாலும் அந்த அச்சத்தையும், வேலை உறுதியாகும் முன் மூன்று பேரின் வாழ்க்கையைப் பெயர்த்து வைக்கும் ஆபத்தையும் தராசில் வைத்தால், எனக்கு இரண்டாவதுதான் கனக்கிறது.

அவர் சொன்ன மற்ற பாதி, அந்த ஐந்து ஆண்டு வாக்குறுதி, எனக்குக் கோபம் வரவைக்கிறது. ஐந்து ஆண்டு முடிந்ததும் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும் வழிதான் நீண்ட காலமாக இருந்துவந்தது. 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பத்து ஆண்டாக்க முன்மொழிந்தது. இதை மறைத்து ஒருவர் ஐந்து ஆண்டு என்று உறுதி சொன்னால், அவர் உங்கள் நலனுக்காகப் பேசவில்லை. முடிவெடுக்கும்போது இந்த மூன்று ஆண்டை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவது வரட்டும்.

அந்த முகவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்வதற்குப் பதிவு வேண்டும். வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு விசா ஆதரவு உரிமம் உண்டா என்பதையும் பிரிட்டிஷ் அரசு வெளியிடும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். ஆதரவுச் சான்று என்பது காகிதம்கூட இல்லை, கணினியில் பதிவாகும் ஓர் எண். அதற்கு விலை சொல்பவர் யாராக இருந்தாலும் அது மோசடி. இந்த இரண்டு பட்டியலையும் இன்று இரவே பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

போய்ச் சேர்ந்ததும் முதல் ஆறு வாரத்துக்குக் குறுகிய கால வாடகை அறை ஒன்றைப் பிடியுங்கள். நிலையான இடத்தை அங்கே போய், கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். படத்தைக் காட்டி முன்பணம் அனுப்பச் சொல்லும் வலையில் படித்தவர்களும் விழுகிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைத் தபாலில் அனுப்புவார் என்ற கதையைக் கேட்ட நொடியே விலகிவிடுங்கள். இங்கிலாந்தில் வீட்டைப் பிடித்து வைக்க அதிகபட்சம் ஒரு வார வாடகை கேட்கலாம். டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு, ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அதைப் போட்டாக வேண்டும். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புதிய வாடகைச் சட்டம். ஓராண்டு, ஈராண்டு என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் போய், வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். அந்தப் பொறியாளரின் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் பட்ட துன்பத்தில் பாதி குறைந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உரிமையாளர் வசிக்கும் அதே வீட்டில் ஓர் அறையை எடுத்தால் இந்தப் பாதுகாப்புகளில் பல பொருந்தாது. அப்படிப்பட்ட அறை நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் டெபாசிட்டை எப்படித் திருப்பித் தருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியில் தேடுவது என்று எல்லோரும் கேட்பார்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற இடங்களில் தமிழ்க் குரல் காதில் விழும். முதல் மாதங்களில் அதன் ஆறுதல் பெரிது. அதற்கு இணையாக நான் பார்ப்பது வேறொன்று, ஒரே வண்டியில், மாறாமல் அலுவலகம் போக முடிகிறதா என்பது. இரண்டு முறை வண்டி மாறி ஒன்றேகால் மணி நேரம் போகும் பயணம் முதல் மாதம் பொறுக்கும், நவம்பர் மாதம் பொறுக்காது. லண்டன் பேருந்துகளில் 2014 முதல் காசு வாங்குவதில்லை. வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் கட்டணம் ஓர் உச்சவரம்போடு நின்றுவிடும்.

முதல் வார வேலைகள் சிறியவை. விசா இப்போது மின்னணுப் பதிவு. அதிலிருந்து எடுக்கும் ‘ஷேர் கோட்’ எண்ணை வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் கேட்பார்கள். தேசியக் காப்பீட்டு எண் வரும் முன்பே வேலையைத் தொடங்கலாம். பகுதி மருத்துவரிடம், ஜி.பி. என்பார்கள், உடல் நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். பதிவுக்கு முகவரிச் சான்று கட்டாயம் இல்லை, இல்லையென்று திருப்பி அனுப்பினால் அது அவர்கள் தவறு. பல் சிகிச்சையை மட்டும் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே அது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தோடுதான். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அறை டெபாசிட், முதல் மாத வாடகை, கைச்செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,500 பவுண்டாவது உங்களுடையதாக, கடனில்லாமல், இருக்கட்டும்.

இனி மனதைப் பற்றி. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

தனியாக வருபவர்களில் பலர் முதல் மூன்று மாதம் வேலை, அறை, வீடியோ அழைப்பு என்று மூன்றுக்குள் சுருங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை நேரம் போக மீதி நேரம் முழுக்க உடல் லண்டனிலும் மனம் ஊரிலும் இருக்கும். அவர்கள் குடும்பத்தின் மேல் வைத்த அன்பு அது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அப்படி இருந்தவர்களுக்கு ஆறாவது மாதத்தில் அந்த ஊரில் ஒரு மனிதரைக்கூடத் தெரியாது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும் கண்டார். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒரே வகுப்புக்கோ குழுவுக்கோ போனால் ஐம்பது மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகும். உங்கள் புரொபேஷன் காலம் சரியாக அவ்வளவுதான். நீச்சல், பாட்டு, நூலகத்து வாசிப்புக் குழு, எதுவானாலும் சரி. ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் போங்கள். கணவரும் மகளும் வரும்போது, “பள்ளியிலிருந்து குழந்தையை இன்று மட்டும் அழைத்து வர முடியுமா?” என்று கேட்கக்கூடிய ஒருவராவது உங்களுக்கு இருக்க வேண்டும். அந்த அறுபது நாள் எப்போதாவது வந்தாலும், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் தகவல் சொல்பவர்களும் இவர்கள்தான்.

குளிர்காலத்தை எளிதாக எண்ணாதீர்கள். குளிரை உடையால் வெல்லலாம், இருட்டுதான் ஆளை அழுத்தும். அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளப் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. நம் போன்ற தோல் நிறம் உடையவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. மதிய இடைவேளையில் மழை தூறினாலும் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மேசையிலேயே சாப்பிட்டு முடிப்பவர்கள்தான் ஜனவரியில் முதலில் சோர்ந்து போகிறார்கள்.

ஏழாவது மாதம் குடும்பத்தை அழைக்கும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். குழந்தையை மட்டும் முதலில் வரவழைப்பது பொதுவாக முடியாது. பெற்றோர் இருவரும் அங்கே இருக்க வேண்டும், அல்லது சேர்ந்து வர வேண்டும் என்பது விதி. ஆகவே கணவரும் வேலையை விட்டுவிட்டோ நீண்ட விடுப்பு எடுத்தோதான் வருவார். உங்களைச் சார்ந்து வரும் விசாவில் அவர் ஏறக்குறைய எந்த வேலையிலும் சேரலாம், தனியாக விசா ஆதரவு தரும் நிறுவனம் தேவையில்லை. இந்த ஆறு மாதத்தை அவர் காத்திருக்கும் காலமாகக் கழிக்காமல் லண்டன் வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் காலமாக்கிக்கொள்ளட்டும். அவருக்கும் ஒரு சம்பளம் வந்தால் வீட்டு முகவரின் முப்பது மடங்குக் கணக்கு உங்களை மிரட்டாது. ஆனால் அவர் வந்த பிறகு வேலை தேடும் மாதங்கள் அவருக்குக் கடினமாக இருக்கும். தன் பெயரில் ஒரு வேலை, ஒரு மதிப்பு என்று இருந்தவர், மனைவியின் விசாவில் வந்தவராக நிற்பார். அதைப் பற்றி இப்போதே, கோபம் இல்லாத ஒரு மாலையில், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பேசும் பேச்சு அது இல்லை.

மகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் இலவசம். ஆகஸ்ட் 31க்குள் நான்கு வயது முடிந்த குழந்தை அந்த செப்டம்பரில் பள்ளியின் தொடக்க வகுப்பான ‘ரிசப்ஷன்’ வகுப்பில் சேரலாம். அந்த வயது வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். ஆண்டு நடுவில் வந்தால் நீங்கள் வசிக்கும் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைக்கும், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் முதல் லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் மதிய உணவும் இலவசம். பள்ளி பிற்பகல் மூன்றேகால், மூன்றரைக்கு விட்டுவிடும் என்பதுதான் உங்கள் இருவர் வேலையையும் சோதிக்கப்போகும் விஷயம். பள்ளி, மருத்துவம் இரண்டையும் நீங்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கான மாதாந்தர அரசு உதவித்தொகைக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் விசாவில் அதற்கு அனுமதி இல்லை. யாரோ வாங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னாலும் வேண்டாம்.

புரொபேஷனை நீட்டித்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். ஏன் நீட்டிக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். மேலாளர் மாறினார், மதிப்பீடு தாமதம் என்பது போன்ற நிர்வாகக் காரணம் என்றால், கையிருப்பு பத்தாயிரத்தைத் தொட்டிருந்தால், குடும்பத்தை அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையில் குறை என்று எழுதியிருந்தால் பொறுங்கள். ஆனால் எது நடந்தாலும் பத்து மாதத்தைத் தாண்டிப் பிரிந்திருக்காதீர்கள். அதற்குள் அழைக்கும் நிலை வரவில்லையென்றால் அந்த வேலை உங்கள் குடும்பத்துக்கானது இல்லை என்று திரும்பி வாருங்கள். திரும்பி வந்தவர்கள் தோற்றவர்கள் என்று சொல்பவர்களின் வாடகையை நீங்கள் கட்டவில்லை, உங்கள் வாடகையை அவர்களும் கட்டவில்லை.

கடைசியாக உங்கள் மகளின் கேள்வி. பிரிட்டனில் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை 2024 ஏப்ரல் முதல் வேலையின் முதல் நாளிலிருந்தே ஊழியருக்கு உண்டு. நிறுவனம் மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேண்டியது மாலை மூன்றே முக்கால் முதல் நான்கு வரை கால் மணி நேரம். சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். காலையில் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். இப்படி ஒன்றை மறுத்த மேலாளரை நான் அந்தப் பதினோரு ஆண்டில் பார்க்கவில்லை.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் லண்டனுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் நான்கு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும், அப்போது அவளுக்கு இரவு ஒன்பதரை ஆகப்போகிறது. அவள் படுக்கையில் படுத்துக்கொண்டு அழைக்கும் நேரத்தில், அம்மா அலுவலக ஜன்னல் ஓரத்தில் நின்று வெளியே இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கையில் தொலைபேசியோடு.